பிளாண்டர்ஸ் வயலும் ஹாமாப் பறவையும்

உலக நாடுகள் கொண்டாடும் நாள்கள் இருவகையின. விடுதலை பெற்ற நாள், குடியரசான நாள் போன்று மகிழ்ந்து போற்றுவன ஒருவகை. மாண்டாரை எண்ணி மௌனம் காப்பன மற்றொரு வகை. முதல் வகைக்குக் கொடியும் அணிவகுப்பும் போதும். இரண்டாம் வகைக்குக் கவிதை வேண்டும். மௌனத்துக்கு முன்னும் பின்னும் சொல்லத்தக்க சொற்களை மக்கள் கவிஞனிடமே கேட்டுப் பெறுகின்றனர். ஆகவே ஒரு நினைவு நாளின் உள்ளத்தை அறிய விரும்புவோர், அந்நாளில் ஓதப்படும் கவிதையை ஆராய்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

1918 நவம்பர் 11ஆம் நாள் காலை 11 மணிக்கு, முதல் உலகப்போரின் மேற்கு முனையில் பீரங்கிகள் ஓய்ந்தன. மறு ஆண்டு அதே நாள் அதே நேரத்தில் பிரிட்டிஷ் பேரரசு முழுதும் இரண்டு நிமிட மௌனம் காக்கப்பட்டது. கனடாவில் அந்நாள் 1931இல் 'நினைவு நாள்' எனப் பெயர் பூண்டது. அன்று அந்நாட்டுப் பள்ளிச் சிறார் மனப்பாடமாக ஒப்புவிக்கும் கவிதை, ஜான் மெக்ரே எழுதிய 'பிளாண்டர்ஸ் வயல்களில்' என்பதாகும்.

மெக்ரே ஒரு மருத்துவர். 1872இல் கனடாவின் குவெல்ப் நகரில் பிறந்தவர். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மானியர் குளோரின் நச்சுப்புகையை ஏவித் தொடங்கிய பெரும்போரில், காயமுற்றோரிடையே இராப்பகலாகப் பணியாற்றினார். மே 2ஆம் நாள் அவருடைய இளம் நண்பர் அலெக்சிஸ் ஹெல்மர் குண்டு வெடித்து மாண்டார். பாதிரியார் அங்கில்லாமையால் அடக்கச் சடங்கின் வாசகங்களை மெக்ரேயே சொல்ல நேர்ந்தது. அந்தத் துயரின் சூடு ஆறுமுன் பிறந்த பாட்டு இது. அவ்வாண்டு டிசம்பரில் 'பஞ்ச்' இதழில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1918 ஜனவரியில், போர் முடியக் காணாமலே, மெக்ரே நோயுற்று இறந்தார்.

15 அடிகளும் மூன்று பகுதிகளும் கொண்ட சிறு பாட்டு. முதற்பகுதி காட்சி: சிலுவைகளின் வரிசைகளுக்கிடையே, நம் கசகசாச் செடியின் இனத்ததாகிய செந்நிறப் பாப்பி மலர்கள் அசைகின்றன, பீரங்கி ஒலியினூடே வானம்பாடிகள் பாடுகின்றன. இரண்டாம் பகுதியில் அக்கல்லறைக்குரியோரே வாய்திறந்து பேசுகின்றனர். சில நாள் முன்பு தாமும் உயிரோடிருந்ததையும், விடியலை உணர்ந்ததையும், அன்பு செய்து அன்பு பெற்றதையும் சொல்கின்றனர். இரங்கற்பாவில் உயிரோடிருப்பவர் மாண்டவரை நோக்கிப் புலம்புவதே மரபு. தமிழின் கையறுநிலையும் அத்தகையதே. இங்கோ மாண்டவர் நம்மை நோக்கிப் பேசுகின்றனர். புலம்பல் இல்லை, அடைமொழிகளின் ஆரவாரம் இல்லை. இவ்விரு பகுதிகளையும் ஈடு சொல்லற்கரிய கவிதை என்று போற்ற நாம் தயங்கோம்.

மூன்றாம் பகுதியில் குரல் மாறுகிறது. பகைவனோடு தாம் தொடங்கிய வழக்கை மேற்கொள்ளுமாறு மாண்டவர் ஆணையிடுகின்றனர். தளரும் கையிலிருந்து தீப்பந்தத்தை வீசுகின்றனர். சொல் தவறினால் தாம் உறங்கப் போவதில்லை என எச்சரிக்கின்றனர்.

அரபு இரங்கற்பாக்களைப் பாடம் சொல்லுங்கால் நாம் மாணவர்க்கு இரண்டு சொற்களை முதலில் விளக்குவது வழக்கம். ஒன்று ரிஸா, அதாவது இரங்கல். மற்றொன்று தஹ்ரீள், அதாவது பழிவாங்கத் தூண்டுதல். ஜாஹிலிய்யாக் காலத்து இரங்கற்பாவில் இவ்விரண்டும் பெரும்பாலும் பின்னிக் கிடக்கும். முஆவியா, ஸக்ர் என்னும் உடன்பிறந்தார் இருவரையும் இழந்து பாடிய கன்ஸாவின் கண்ணீர்ப் பாக்களிலும் தஹ்ரீளின் நெருப்பு உண்டு. அதற்கு அடியில் ஒரு நம்பிக்கையும் இருந்தது. கொலையுண்டவனின் தலையிலிருந்து ஹாமா என்றொரு பறவை வெளிப்படும். பழி தீரும்வரை அது கப்ரின்மேல் அமர்ந்து, பருகத் தாருங்கள் என்று கதறிக்கொண்டிருக்கும் என்பர். மெக்ரேயின் உறங்காத மாண்டோரை முதன்முதல் படித்தபோது நம் செவியில் ஒலித்தது அந்தப் பறவையின் குரலே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹாமா என்பது இல்லை என்று மறுத்தார்கள். இறுதி ஹஜ்ஜின் பேருரையில் ஜாஹிலிய்யாக் காலத்து இரத்தப் பழிகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தபோது, முதலில் தள்ளியது தம் குடும்பத்துக்குரிய பழியையே. அது ரபீஆ இப்னு ஹாரிஸின் மகனுக்காக வரவேண்டியிருந்த பழி. அந்தப் பிள்ளை மறக்கப்பட்டுவிடவில்லை. அப்பெயர் இன்றும் நூல்களில் வாழ்கிறது. நினைவு நின்றது, கடன் மட்டும் நீக்கப்பட்டது.

போர் நடக்கும்போது போர்முனையில் எழுதிய பாட்டை அமைதிக் காலத்து அளவுகோலால் அளப்பது முறையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நச்சுப்புகையின் நடுவே நண்பனைப் புதைத்தவரை நாம் குறை கூறவில்லை. 1915இல் நினைவு நாள் என ஒன்று இல்லை. அதற்காக அவர் எழுதவுமில்லை. நம் வழக்கு, போர்ப்பாட்டை மாற்றமின்றி நினைவுப்பாட்டாக ஏற்றுக்கொண்டவர்களோடுதான்.

தீப்பந்தத்தை ஒரு தரப்பார் மட்டுமே வீசுவதில்லை. அதே பிளாண்டர்ஸில், ஈப்பருக்கு வடக்கே லாங்கமார்க் எனுமிடத்தில் 44,000க்கு மேற்பட்ட ஜெர்மானியர் புதைந்துள்ளனர். 1914இல் அங்கு இளைஞர்கள் பாடிக்கொண்டே சென்று மடிந்தனர் என்ற கதையை வளர்த்து, அவர்கள் பெயரால் அடுத்த தலைமுறையைப் போருக்கு அழைத்தனர் நாஜிகள். 1940 ஜூனில் ஹிட்லர் அக்கல்லறைக்கு வந்து நின்றார். இருபுறத்து ஹாமாவும் ஒரே சொல்லைத்தான் கதறியது.

பகைவன் எனும் சொல்லும் அங்கு எல்லார்க்கும் ஒரே பொருள் தந்ததன்று. 1915 ஏப்ரல் 26இல் அதே ஈப்பர்ப் போரில், இந்தியப் படையின் ஜமேதார் மீர் தஸ்த் என்ற அப்ரீதிப் பட்டாணியர், அதிகாரிகள் எண்மரைக் காப்பாற்ற உதவி விக்டோரியா சிலுவை விருது பெற்றார். அவருடைய உடன்பிறந்தாரான மீர் மஸ்த் அவ்வாண்டு மார்ச்சிலேயே ஜெர்மானியர் பக்கம் சேர்ந்துவிட்டார். ஒரு தாய் மக்கள் இருவருள் யார் கையில் தீப்பந்தத்தைக் கொடுப்பது?

பிற நினைவுச் சடங்குகள் இவ்விடத்தில் நல்ல திறனாய்வாளராக நடந்துகொண்டுள்ளன. லாரன்ஸ் பின்யன் 1914 செப்டம்பரில் எழுதிய 'மாண்டோர்க்காக' எனும் பாட்டு ஏழு பகுதிகளை உடையது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நினைவுச் சடங்குகளில் ஓதப்படுவது பெரும்பாலும் அதன் நான்காம் பகுதியே. அதில் பகைவன் இல்லை, வஞ்சினம் இல்லை. மாண்டவர் முதுமையுறாமல் நிற்பதும், அந்தியிலும் காலையிலும் அவர்களை எண்ணுவோம் என்ற வாக்கும் மட்டுமே உண்டு. கனடா 2001இல் வெளியிட்ட பத்து டாலர் தாளிலும் மெக்ரேயின் முதற்பகுதி மட்டுமே அச்சாயிற்று. அச்சிட்டவர்கள் இடமின்மையால் நிறுத்தினார்களோ, எண்ணித்தான் நிறுத்தினார்களோ, நிறுத்திய இடம் பொருத்தமானதே.

மூன்றாம் பகுதியை நூலிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது வரலாறு, வகுப்பறையில் பயிலப்பட வேண்டியது. மௌனம் காக்கும் மேடையில் பத்து வயதுப் பிள்ளையின் வாயில் அதனை வைக்கும்போதுதான் நாம் கைநீட்டித் தடுக்கிறோம். மாண்டவரை உறங்கவிடுவதே உயிரோடிருப்பவர் அவர்க்குச் செய்யும் முதல் மரியாதை. பழியைக் கைவிட்டு அவர்களை நினைந்திருக்க இயலும் என்பதை அந்தப் பிள்ளை அறிந்து வளரட்டும்.