பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குப் பழுப்புத் தலை எங்கே?

ஆமத்தூர்க்காரன் கடல் பார்க்கணும்னா அருப்புக்கோட்டை, ராமநாதபுரம் தாண்டிப் போகணும். நாலு வருஷமா மார்கழியில் தனுஷ்கோடிக்குப் போய், அரிச்சல்முனைச் சாலையோரம் பைனாகுலரோட நிற்கிறேன். முதல் வருஷக் குறிப்பேட்டைப் போன வாரம் புரட்டினேன். "கடற்காகம், இனம் தெரியவில்லை" என்று பதினொரு இடத்தில் எழுதியிருக்கேன். பாதிக் காரணம் என் கத்துக்குட்டித்தனம். மீதிப் பாதி ஒரு பெயர். இந்தக் குறிப்பு அந்தப் பெயரைப் பற்றி.

பழுப்புத்தலைக் கடற்காகம் கோடையில் லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகளில் கூடு கட்டுது. தலை பழுப்பா இருப்பது அப்போதான். குளிர்காலத்தில் நம்ம கரையில் இருக்கும்போது தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் ஒரு கருந்திட்டு மட்டும் மிச்சம். ஊர் திரும்பும் முன், மாசி பங்குனி வாக்கில்தான் சிலதுக்குத் தலையில் நிறம் ஏற ஆரம்பிக்கும். ஆக, நாம பார்க்கிற மாதங்களில் பெரும்பகுதி, பெயரில் உள்ள அடையாளம் பறவைகிட்ட இல்லை.

கூடவே கருந்தலைக் கடற்காகம்னு ஒண்ணு. அதன் கோடைத் தலையும் உண்மையில் கரும்பழுப்புதான். குளிர்காலத்தில் அதுக்கும் வெள்ளைத் தலை, அதே திட்டு. ரெண்டு பெயரும் கைகொடுக்காது.

எங்க பக்கம் பட்டாசுப் பெட்டி லேபிளில் மயில் படம் இருந்தா, உள்ளே மயிலை யாரும் தேட மாட்டாங்க. பறவைப் பெயரை மட்டும் நாம் அடையாளக் குறிப்பாகவே வாசிக்கிறோம்.

எங்கேயோ உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் வச்ச பெயர்னு தள்ளிவிடவும் முடியலை. 1840இல் 'பழுப்புத் தலை' என்றே பொருள்படும் அறிவியல் பெயரைக் கொடுத்த தாமஸ் ஜெர்டன், மதராஸ் படையில் மருத்துவரா இருந்தவர். தூரம் காரணமில்லை. ஒரு பறவையை அதன் கோடை உடுப்பை வச்சே அழைக்கும் பழக்கம்தான் காரணம். அறிவியல் பெயர் ஒரு குறியீடு, அது அப்படியே இருக்கட்டும். என் குறை தமிழில் நாம் செய்ததைப் பற்றி: ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாத்திட்டு அதோட நிறுத்திக்கிட்டோம். கடற்காகம் வேற, ஆலா வேறன்னு பிரிச்சுச் சொல்லத் தெரிந்த மொழிக்கு இது போதாது.

நல்ல கையேடுகளில் குளிர்காலப் படமும் இருக்கேன்னு கேட்கலாம். இருக்கு. ஆனா பாம்பன் கரையில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை கையில் கையேடு கிடையாது. காதில் விழுந்த பெயர்தான் உண்டு.

பெயரை மாத்தச் சொல்லலை. தமிழில் எழுதும்போது குளிர்கால அடையாளத்தை முதல் வரியில் வைப்போம். வளர்ந்த பழுப்புத்தலைக்குக் கருப்பு இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டுகள், வெளிறிய விழி. கருந்தலைக்கு இறக்கையின் முன்விளிம்பில் நீளமான வெள்ளைப் பட்டை, கருத்த விழி. இளம் பறவைகளில் விழி நிறத்தை நம்ப வேண்டாம். இளம் பழுப்புத்தலைக்கு அந்தப் பொட்டும் இருக்காது.

பதினொன்றில் மூணுக்கு போட்டோ இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், நுனியில் பொட்டு தெரிஞ்சது. திருத்திட்டேன். மற்ற எட்டும் அப்படியே நிற்குது. அன்னைக்கு நான் தலையையே பார்த்துக்கிட்டிருந்தேன். இறக்கையையும் கண்ணையும் எழுதி வைக்கலை.