வாலையைத் தாண்டி வரும் மணம்

கியோட்டோவின் ‘கி நோ பி’ ஜின்னை எதுவும் கலக்காமல் ஒரு மிடறு அருந்தினால் முதலில் எழுவது யூசு என்னும் எலுமிச்சை வகைப் பழத்தின் தோல் மணம். பிறகு ஹினோகி மரத்தின் வாசனை, கடைசியில் இஞ்சியின் இளஞ்சூடு. ஒன்றையொன்று அமுக்காமல் மூன்றும் தனித்துத் தெரிகின்றன. இதற்குக் காரணம் செய்முறை. 2016-இல் இதை வெளியிட்ட வடிசாலை, அரிசியில் வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டு, 11 தாவரப் பொருள்களை 6 தொகுதிகளாகப் பிரித்து வடிக்கிறது. கலப்பது அதன் பிறகே. வழக்கமான லண்டன் முறையில் எல்லாம் ஒரே வாலைக்குள் போகும். ஆனால் பழத்தோலின் எண்ணெய் விரைவில் ஆவியாகும், மரச்சீவல் மெதுவாகத்தான் மணம் விடும், தேயிலையோ சூடு மிஞ்சினால் கெட்டுவிடும். பிரித்து வடிப்பது இந்த வேறுபாடுகளை மதிக்கும் முறை. ஜப்பானிய ஜின்னின் உண்மையான சாதனை இதுதான் என்பேன்.

உள்ளூர்த் தாவரங்களைப் பற்றிய பெருமைதான் இடறுகிறது. வாலை ஆவியாவதை மட்டுமே தாண்டவிடும். ‘கி நோ பி’யில் சேரும் கியோகுரோ தேயிலையின் செடியைப் பறிப்புக்கு முன் மூன்று வாரம்போல நிழலில் வளர்ப்பது, இலையில் தியானின் என்ற சுவைப்பொருள் குறையாமல் காக்கத்தான். நாவில் நெடுநேரம் நிற்கும் அந்தச் சுவை ஆவியோடு வராது. இலையின் மணம் மட்டுமே வரும். சான்ஷோ என்னும் ஜப்பானிய மிளகின் விறுவிறுப்பும் அப்படியே: எலுமிச்சை சாயல் மணம் கோப்பைக்கு வரும், நாக்கை மரக்கவைக்கும் பொருள் பெரும்பாலும் பின்தங்கிவிடும். ஒகினாவாவின் ‘மசாஹிரோ’ ஜின்னில் பாகற்காய் சேர்கிறது. பாகலின் உயிரான கசப்பு வாலையின் அடியிலேயே தங்கிவிடுகிறது.

எளிதில் தாண்டுவது பழத்தோல் எண்ணெய். ஆகவே 2017-இல் வந்த சன்டோரியின் ‘ரோக்கு’, நிக்காவின் ‘காஃபி ஜின்’ இரண்டிலும் யூசு உண்டு. ஊருக்கு ஊர் வேறுபட வேண்டிய மது ஒரே வாசனையை நோக்கி நகர்வது எனக்கு வருத்தம் தருகிறது. ஜின்னுக்கு அடிப்படையான ஜூனிபர் பெரும்பாலும் இறக்குமதி என்பதை நான் குறையாகக் கருதவில்லை. உள்ளூர் மணம் முன்னே நிற்கட்டும் என்று ஜூனிபரை ஒடுக்கிவிடுவதுதான் குறை. அந்த முதுகெலும்பு போனால் மிஞ்சுவது வாசனையூட்டிய சாராயம்.

குடிக்கும் விதமும் முக்கியம். டானிக்கில் உள்ள குயினைன் கசப்பும் சர்க்கரையும் தேயிலை மணத்தை மூடிவிடுகின்றன. ‘கி நோ பி’யில் ஆல்கஹால் 45.7 சதவீதம், கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் அதன் மணம் மேலும் திறக்கும். ககோஷிமாவில் ஷோசூ என்னும் வடிமதுவுக்குச் செய்வதுபோல வெந்நீர் ஊற்றினால் இன்னும் நல்லது: மூங்கில் இலையும் ஷிசோ இலையும் அப்போதுதான் மூக்குக்கு எட்டுகின்றன.

லேபிளில் தாவரங்களின் எண்ணிக்கையை ஏற்றுவதை விட்டு, ஆவியில் நிலைக்கக்கூடிய சிலவற்றை அழுத்தமாகச் சேர்க்கலாம். ‘கி நோ பி’யின் வடிசாலையே தேயிலைக்கென்று ‘கி நோ டீ’ வடித்தபோது டென்சா, கியோகுரோ ஆகிய தேயிலைகளை முன்னிறுத்தியது. அந்தக் கோப்பையில் தேயிலையைத் தேட வேண்டியதில்லை.