கடல் தெய்வங்கள்: யவனர் கண்டதும் தமிழர் கண்டதும்

மேலை நாட்டுத் தொன்மங்களைச் சுருக்கி உரைப்போர், கிரேக்கரின் பொசைடனும் உரோமரின் நெப்டியூனும் பெயரால் இருவர், பொருளால் ஒருவர் என்று எழுதுவது வழக்கம். நம்மவர் அவ்வரிசையில் வருணனையும் சேர்த்து, மூவரும் கடலுக்குரிய தெய்வங்கள் என்று முடித்துவிடுவர். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எளிய விடைதான். ஆயின் இலக்கியத்தை அளவுகோலாகக் கொண்டால் இச்சமன்பாடு நில்லாது. கடலை ஒரு மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அவர்தம் தெய்வமே காட்டிக்கொடுக்கும். அவ்வகையில் தமிழரின் உண்மையான கடல் தெய்வம் வருணன் அல்லன் என்பது என் துணிபு.

முதலில் கிரேக்கரைக் காண்போம். ஹோமரின் இலியட்டில் உடன்பிறந்தார் மூவர் சீட்டிட்டு உலகைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். வானம் சியூசுக்கும், கீழுலகம் ஹேடிசுக்கும், கடல் பொசைடனுக்கும் விழுகின்றன. கடல் அவனுக்குப் பாகப்பிரிவினையில் வந்த சொத்து. ஆதலின் அதனைத் தன் சினத்திற்குக் கருவியாக்க அவன் தயங்குவதில்லை. ஒடிசியில், தன் மகனாகிய ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமசைக் குருடாக்கியதற்காக ஒடிசியசை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கிறான். அம்மட்டோடு நில்லாது, அவ்வீரனை இரக்கத்தால் வீடு சேர்த்த ஃபியேசியரின் கப்பலையும் கல்லாக்கிவிடுகிறான். இங்கே கடல் என்பது ஒருவனது தீராப் பகை.

உரோமரின் நெப்டியூன் தொடக்கத்தில் கடலோன் அல்லன், நீர்நிலைகளின் தெய்வம். அவனுக்குரிய திருவிழா சூலை 23-ஆம் நாள், நீர் வற்றும் கடுங்கோடையில் நிகழ்ந்தது. கிரேக்கத் தொடர்பு ஏற்பட்ட பின்னரே பொசைடனின் கடலும் முத்தலைச் சூலமும் அவனுக்கு வாய்த்தன. எனினும் குணம் மாறவில்லை. வெர்ஜிலின் இனீயட் முதற்காண்டத்தில் புயலை எழுப்புவோர் வேறு தெய்வங்கள். நெப்டியூன் தலையுயர்த்தி, தன் ஆட்சி எல்லைக்குள் தன் ஒப்புதலின்றிப் புகுந்த காற்றுகளைக் கடிந்து, அலைகளை அடக்குகிறான். கலகம் செய்யும் கூட்டத்தை ஒரு பெரியவர் சொல்லால் அடக்குவதை இதற்கு உவமையாக்குகிறார் கவிஞர். ஹோமரின் கடலோன் புயலை எழுப்புபவன். வெர்ஜிலின் கடலோன் புயலை ஒழுங்குபடுத்தும் ஆட்சியாளன். பேரரசு கண்ட மக்களின் தெய்வம் அவன்.

இனித் தமிழுக்கு வருவோம். தொல்காப்பிய அகத்திணையியல் நெய்தல் நிலத்தை வருணனுக்கு உரியதாக்குகிறது. ஆயின் சங்கப் பாடல்களில் செயலாற்றும் பாத்திரமாக வருணனைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் பரதவர் வழிபடுவது சுறாமீனின் கொம்பை. அதனை நட்டு, தெய்வம் அதில் உறைவதாகக் கொண்டு, முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது களிக்கின்றனர். இலக்கணத்தில் வருணன், வாழ்க்கையில் சுறாக்கொம்பு. இவ்விடைவெளியை உரையாசிரியர் வழி நிரப்பிவிடாமல், உள்ளவாறே ஒப்புக்கொள்வது நேர்மை.

காப்பியக் காலத்தில்தான் தமிழ்க் கடலுக்கு ஒரு முகம் கிட்டுகிறது. அம்முகம் பெண்முகம், மணிமேகலா தெய்வம். சிலப்பதிகாரத்தில் கோவலனின் முன்னோன் ஒருவன் கலம் உடைந்து கடலில் நீந்தித் தவிக்கையில், இந்திரன் ஏவலால் அக்கடலில் வாழும் இத்தெய்வம் அவனது அறத்தின் பயனாக அவனைக் கரை சேர்க்கிறது. அந்நன்றியினால்தான் கோவலன் தன் மகளுக்கு அப்பெயர் சூட்டினான். பௌத்தரின் மகாஜனக சாதகத்திலும் இத்தெய்வம் உண்டு. அங்கே அது ஏழு நாள் தன் காவலை மறந்திருந்து, பின்னர் நீந்துவோனைக் கண்டு காக்கிறது. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் இன்றும் மின்னலுக்குரிய மேகலையாக இத்தெய்வம் கூத்துகளில் ஆடுகிறது.

ஒடிசியிலும் மூழ்குவோனைக் காக்கும் பெண் தெய்வம் உண்டே எனலாம். உண்மை. லூக்கோதியா என்பாள் கடற்பறவை வடிவில் வந்து, தன் முக்காட்டை ஒடிசியசுக்கு அளித்து உயிர் காக்கிறாள். ஆதலின் மணிமேகலா தெய்வத்திற்கு நேர் நிற்பவள் அவளே அன்றிப் பொசைடன் அல்லன். ஆயினும் வேறுபாடு பெரிது. லூக்கோதியா இரக்கத்தால் உதவுகிறாள். மணிமேகலா தெய்வம் கடமையால் உதவுகிறது. அது பணியில் அமர்த்தப்பட்ட காவல். காவலுக்குக் கணக்கும் உண்டு.

அக்கணக்கின் மறுபக்கத்தைச் சாத்தனார் மறைக்கவில்லை. நாகநாட்டு இளவரசி பீலிவளை ஈன்ற மகனைக் கம்பளச்செட்டி கலத்தில் கொணர, கலம் கவிழ்ந்து மகன் காணாமற் போகிறான். துயரத்தில் ஆழ்ந்த சோழன் கடற்கரையெங்கும் தேடியலைகையில் இந்திரவிழா நின்றுபோகிறது. அது பொறாது மணிமேகலா தெய்வமே சபிக்க, புகார் நகரைக் கடல் கொள்கிறது. காத்த கையே அழிக்கிறது. நம் தெய்வம் கருணையே வடிவானது, யவனர் தெய்வம் கொடியது என்று மேடைக்கு ஏற்றவாறு பேசுவோர் இப்பகுதியை மறந்துவிடுகின்றனர்.

திறனாய்வு நோக்கில் ஒரு குறையையும் கூறல் வேண்டும். ஹோமரும் வெர்ஜிலும் புயலை நம் கண்முன் எழுப்புகின்றனர். தமிழர் வரலாற்றுணர்வில் நீங்காத இழப்பாகிய புகாரின் அழிவோ, தீவதிலகை வாய்மொழியாகச் சில அடிகளில் செய்தியாய் வந்து போகிறது. ஓலமிட்டோர் யார், ஓடியோர் யார் என்பதைக் காப்பியம் காட்டவில்லை. அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் வஞ்சி நகர் புகுந்தனர் என்ற குறிப்பு மட்டுமே எஞ்சுகிறது. பிறந்த ஊரை விட்டு வேற்றூர் வந்து வாழும் நம் போன்றோர்க்கு அக்குறிப்பே நெடுநேரம் நின்று படிக்கத்தக்கது.

2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை, அன்று பூம்புகாரையும் உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டது. அந்நாளுக்குப் பின் சாபக் கதையைப் பழைய மனத்தோடு படித்தல் இயலாது. மாண்டோர் பாவிகள் என்று எவரேனும் சொல்வாராயின் அது கொடுமை. சாத்தனாரும் அவ்வாறு சொல்லவில்லை. அவர் கதையில் தவறியவர் மக்கள் அல்லர், கடமையில் இருந்த அரசன். விலை கொடுத்தவரோ மக்கள். பொசைடன் தன் மகனுக்காகச் சினந்தான், நெப்டியூன் தன் எல்லைக்காகச் சினந்தான். மணிமேகலா தெய்வம் கைவிடப்பட்ட ஒரு கடமைக்காகச் சினந்தது. அச்சினம் நீதியானதா என்பது வேறு கேள்வி. ஆயின் காவலில் இருப்போர் மறந்தால் கரையில் இருப்போர் மூழ்குவர் என்ற உண்மையை, கடலே காணாத இப்பெங்களூர் மேட்டுநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளும் தம் மொழியிலேயே அறிந்துகொள்ளட்டும்.