கூட்டாளி என்னும் சொல்: ஈப்போ சார்ந்த படைப்புகளில் பதின்ம வயது நட்பு

மலேசியத் தமிழ் நாவல் தோட்டத்தை எழுதித் தேர்ந்த அளவுக்குப் பள்ளிச் சீருடையை எழுதித் தேரவில்லை. பெரட்டுக் களம், லயத்து வாசல், கங்காணியின் அதட்டல், பால்மரம் சீவும் வைகறை ஆகியன மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. அத்தோட்டத்தில் பிறந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் பேருந்தேறிய பிள்ளை, அங்கே யாரோடு பழகிற்று, யாரிடம் மனம் திறந்து பேசிற்று என்பதைப் பற்றி நம் நாவல்கள் சொல்வன மிகச் சில. அப்பிள்ளை பெண்ணாக இருந்து, அதன் நட்பு ஓர் ஆண்பிள்ளையோடு அமைந்திருந்தால் சொல்வன அதனினும் சில. இவ்விடைவெளியை, ஈப்போவோடு தொடர்புடைய சில படைப்புகளின்வழி நோக்க முற்படுகிறோம். நாம் முதன்மையாக எடுத்துக்கொண்டுள்ள இரண்டும் தமிழ் நாவல்கள் அல்ல. ஒன்று, மலாய் இயக்குநர் ஒருவரின் திரைப்படம். மற்றொன்று, தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். இத்தெரிவுக்கு நாம் தள்ளப்பட்டதே நாம் சொல்லவரும் செய்தியின் ஒரு பகுதியாகும்.

இடைவெளிக்கான காரணத்தைப் பள்ளி வரலாற்றிலிருந்து தொடங்குவது பொருந்தும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாதிருந்த தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டுமென விதித்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியமைக்கு இது ஒரு முக்கியக் காரணம். பேராக் மாநிலத்தில் இன்றும் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன; அவற்றுள் பலவற்றின் பெயர்களில் மறைந்துபோன தோட்டங்கள் இன்னும் வாழ்கின்றன. ஆயினும் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதன்பின் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர வேண்டியிருந்தது.

ஆகவே நட்பு என்பது பெற்றோரின் கண்பார்வையைத் தாண்டிச் சொந்தத் தெரிவாக உருவெடுக்கும் அதே வயதில், தமிழ் வகுப்பறையை விட்டு விலகுகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்தோ கோப்பெங்கிலிருந்தோ ஈப்போவுக்குப் படிக்க வரும் மாணவி, தன் நண்பனோடு பாதி மலாயிலும் கால் ஆங்கிலத்திலும் எஞ்சியது தமிழிலுமாகப் பேசுகிறாள். இதை எழுத முனையும் தமிழ் நாவலாசிரியருக்கு முதற்சிக்கல் ஒழுக்கம் பற்றியதன்று, உரையாடல் பற்றியது. அவ்விருவரையும் செந்தமிழில் பேசவைத்தால் உயிர் போய்விடும். பேசியவாறே எழுதினால் பதிப்பாசிரியரும் பரிசுக்குழுவும் முகம் சுளிப்பர். பலரும் இருவரையும் காதலராக்கிவிடுவதன் மறைவான காரணம் இதுவாகலாம். காதலுக்குத் தமிழில் ஆயத்தமான மொழி உண்டு. நட்புக்கு அதை அன்றாடம் புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

மரபும் இதில் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. திருக்குறளில் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து அமைகின்றன. அவை பொருட்பாலில் வைக்கப்பட்டவை. ஆடவரின் பொதுவாழ்வை முன்னிறுத்தி எழுந்தவை. அகமரபிலோ தலைவிக்குத் தோழி, தலைவனுக்குப் பாங்கன் என நட்பு பால்வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதியமானுக்கும் ஔவைக்கும் இடையிலான நட்பு இவ்வொழுங்கை மீறிய பேரெடுத்துக்காட்டு. ஆனால் அது புலவருக்கும் புரவலனுக்கும் உரிய நட்பு. பதினைந்து வயதினர் அதில் தம்மைக் காண்பது அரிது.

நவீன நாவலுக்கு வருவோம். மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது; தமிழ் கற்ற பல தலைமுறையினர் அதை ஒழுக்க நூல்போலவே படித்தனர். அழகும் அறிவும் வாய்ந்த சந்திரன், கல்லூரிக் காலத்தில் இமாவதி என்னும் பெண்ணின் இயல்பான பழக்கத்தைக் காதலெனக் கொள்கிறான். அவள் மனத்திலோ உடன்பிறப்பன்பே இருந்தது. உண்மை தெரிந்ததும் அவன் நொறுங்கிப் படிப்பை விட்டு ஓடுகிறான், வாழ்வும் சிதைகிறது. தவறு சந்திரனுடையது என்பதில் மு.வ.வுக்கு ஐயமில்லை, இமாவதியை அவர் பழிக்கவுமில்லை. இது அக்காலத்தில் குறிப்பிடத்தக்க நேர்மையாகும். எனினும் கதையின் கட்டமைப்பு வாசகர் மனத்தில் விதைப்பது வேறு. பெண்ணொருத்தி இயல்பாகப் பேசியதன் விளைவு ஓர் ஆணின் அழிவு என்றே இளம் வாசகர் நினைவில் அது தங்குகிறது. அவர்கள் நட்பு எத்தகையது, எதைப் பற்றிச் சிரித்தனர் என்பதை நாவல் அறிய விரும்பவில்லை. அந்நட்பு ஒரு பாடத்துக்கான முன்னிலை மட்டுமே.

நம் நாட்டில் ரெ. கார்த்திகேசுவின் 'காதலினால் அல்ல' மாணவர் வாழ்வுக்குள் துணிந்து நுழைந்த நாவல். ஆனால் அதன் களம் பினாங்குப் பல்கலைக்கழகம். மாந்தர் பதின்ம வயதின் விளிம்பைக் கடப்பவர்கள். இடைநிலைப்பள்ளி இன்னும் பெரும்பாலும் எழுதப்படாத நிலமாகவே கிடக்கிறது.

அந்நிலத்தில் காலடி வைத்தவர் யாஸ்மின் அகமது. 2009இல் வெளிவந்த 'டேலண்டைம்' அவருடைய இறுதி முழுநீளத் திரைப்படம். அதே ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். ஈப்போவைக் களமாகக் கொண்ட அவரது முந்தைய படமான 'செப்பெட்' மலாய்ப் பெண்ணுக்கும் சீன இளைஞனுக்கும் இடையிலான காதலைச் சொன்னது. (தாகூரின் கவிதையைச் சீன இளைஞன் தன் தாய்க்குப் படித்துக்காட்டுவதோடு அப்படம் தொடங்குவது இந்திய இயல் மாணவர் கவனத்துக்குரியது.) 'டேலண்டைம்' ஒரு பள்ளியில் நடைபெறும் இசைத்திறன் போட்டியைச் சுற்றி அமைகிறது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வான மெலூர் என்னும் மாணவியை ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் அழைத்துவரும் பொறுப்பு மகேஷ் என்னும் தமிழ் மாணவனுக்குத் தரப்படுகிறது. எது கேட்டாலும் அவன் மறுமொழி தருவதில்லை. மெலூர் அதைச் செருக்கென எண்ணிச் சினக்கிறாள். அவனுக்குக் காது கேளாது, வாய் பேசவராது என்பதை அவள் பின்னரே அறிகிறாள்.

இப்படத்தின் பிற்பகுதியைக் காட்டிலும் இத்தொடக்கப் பகுதியே நம் ஆய்வுக்கு உகந்தது. பேச்சில்லாத இருவர் ஒரே வண்டியில் செல்கின்றனர். அவள் பேசுகிறாள், அவன் ஓட்டுகிறான். காதலென்று எதுவும் அறிவிக்கப்படாத அச்சில பயணங்களில், நட்பு முளைக்கும் விதத்தை யாஸ்மின் மிக நுட்பமாகக் காட்டுகிறார். பின்னர்க் கதை காதலுக்குத் திரும்புகிறது. தாயின் எதிர்ப்பு எழுகிறது. மகேஷின் மாமன் கணேஷ் தன் திருமண நாளில், துக்கத்திலிருந்த அண்டை வீட்டாரோடு மூண்ட மோதலில் கொல்லப்பட்டவர். இளமையில் அவர் ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்பி, குடும்பத்தின் மறுப்பால் பிரிந்தவரும் ஆவார். ஆகவே தாயின் மறுப்பு வெறும் இனப்பற்றன்று, இறப்பின் வடு என்பதைப் படம் நமக்கு உணர்த்திவிடுகிறது. தாயாக நடித்த சுகன்யா வேணுகோபாலின் தமிழ், சினமும் ஒப்பாரியும் பிரிக்கவொண்ணாமல் கலந்த தமிழ். மலேசியத் திரையில் தமிழ்த்தாய் ஒருத்தி இவ்வளவு உண்மையாகப் பேசியது குறைவு.

இங்கேயே நம் தடையும் எழுகிறது. இப்படத்தில் தமிழ் பேசுவது துயரமும் தடையுமே. இளமை தமிழில் பேசுவதில்லை. தமிழ் இளைஞன் ஊமை. அவனுக்காகப் பேசுபவள் தமக்கை பவானி. இயக்குநர் இதைத் தமிழ்ச் சமூகத்தின் உருவகமாகத் திட்டமிட்டார் என்று நாம் வாதிடவில்லை. மொழிகளுக்கு அப்பாற்பட்ட ஓர் அன்பைக் காட்டவே அவர் செவித்திறனற்ற ஒருவனைத் தேர்ந்தார் எனலாம். எனினும் பல மொழிகள் ஒலிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில், காதலிக்கப்படும் தமிழ்ப்பையனுக்கு மட்டும் குரல் இல்லை என்னும் உண்மை, ஆறாம் ஆண்டோடு தமிழ்வழிக் கல்வி முடிந்த பிள்ளைகளின் நிலையை நாம் மறுக்கவியலாத வகையில் காட்டிவிடுகிறது. மற்றொன்றும் கருதத்தக்கது. தேர்வில் முந்திய ஹாபிஸ்மீது பொறாமை கொண்ட காஹோ, இறுதியில் மேடையேறித் தன் சீனத் தந்தியிசைக் கருவியால் அவன் பாடலுக்குத் துணைசெய்கிறான். இரு ஆண்பிள்ளைகளின் நட்பு மேடையில், அவையறிய நிறைவெய்துகிறது. ஆண்–பெண் நட்புக்கு அத்தகைய மேடை இல்லை. மெலூர் பாடாமலே மேடையிறங்குகிறாள்.

அடுத்தது பிரீத்தா சமரசனின் 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே' (2008). ஈப்போவில் வளர்ந்த இவ்வாசிரியர், ஏ.கே. இராமானுசன் மொழிபெயர்த்த குறுந்தொகைப் பாடலொன்றிலிருந்து (234, மிளைப்பெருங்கந்தன்) தலைப்பை எடுத்துக்கொண்டுள்ளார். இது இளையோர் நாவலன்று. ஆனால் பதின்ம வயதின் முடிவில் நிற்கும் இரு பெண்கள் அதன் மையத்தில் உள்ளனர். 1980இல், ஈப்போவின் செல்வ வழக்கறிஞர் வீட்டு மூத்த மகள் உமா படிப்புக்காக நியூயார்க் செல்கிறாள். ஏறக்குறைய அவள் வயதினளான பணிப்பெண் செல்லம், பாட்டியின் இறப்புக்குப் பழிசுமத்தப்பட்டு வெளியேற்றப்படுகிறாள். ஒரே கூரை, ஒரே வயது, ஒரே தாய்மொழி. இருப்பினும் அவ்வீட்டின் ஒழுங்கு அவர்களைத் தோழியராக நிற்கவிடவில்லை. இனமும் சமயமும் மட்டுமே நட்புக்குக் குறுக்கே நிற்கின்றன என்று கருதுவோர்க்கு இந்நாவல் தக்க மறுப்பு. தமிழருக்குள் இருக்கும் வர்க்க வேலியை நம் தமிழ் நாவல்கள் முதலாளி–தொழிலாளி மோதலாக எழுதியுள்ளன. இரு பெண்பிள்ளைகளுக்கிடையே பிறக்காமற்போன ஒரு நட்பாக எழுதியமை பிரீத்தாவின் தனிச்சிறப்பாகும்.

இவ்விரு படைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்பொழுது ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டுத் தமிழர் பேச்சில் நண்பரைக் குறிக்கும் இயல்பான சொல் 'கூட்டாளி'. தமிழகத்தில் அது தொழிற்பங்காளியையோ குற்றத்துக்கு உடந்தையானவரையோ குறிக்கும். இங்கோ பள்ளித் திடலின் சொல். நண்பன், நண்பி, தோழன், தோழி என்பன பாலைச் சுட்டாமல் நிற்பதில்லை. கூட்டாளி அவ்வாறன்று, ஆணும் கூட்டாளி, பெண்ணும் கூட்டாளி. "அவன் யார்?" என்று வீட்டார் கேட்கும்பொழுது, "கூட்டாளி" என ஒரு பெண் சொல்லும் மறுமொழியில் உள்ள எளிமை நம் இலக்கியத் தமிழில் கிட்டுவதில்லை. அம்மறுமொழியை வீட்டார் ஏற்பதில்லை என்பது வேறு. மேடான் கிட் பேருந்து நிலையத்தில் அவள் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்த செய்தி, அவளுக்கு முன்னதாகவே வீடு போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்தபின் அவள் படிப்பு என்னவாகும் என்பதே இங்கு இலக்கியத்தை விடப் பெரிய கேள்வி. அவள் கூற்றை நம்புவதற்கு அவள் தாய்க்கு ஒரு முன்மாதிரிக் கதைகூட இல்லை. கண்ட கதைகளிலெல்லாம் நட்பு காதலாகவோ கேடாகவோ முடிந்திருக்கிறது.

மேலைநாடுகளில் இளையோர் நாவல் தனி வகையாக வேரூன்றியபொழுது, அதன் முன்னோடிகளுள் ஒன்றான 'தி அவுட்சைடர்ஸ்' (1967) பதின்ம வயதிலேயே எழுதத் தொடங்கிய எஸ்.இ. ஹிண்டனால் எழுதப்பட்டது. எதிரெதிர் வர்க்கத்தைச் சார்ந்த போனிபாயும் செர்ரியும் பேசிக்கொள்ளும் பகுதிகள் காதலுக்குள் சரியாமல் நிற்பதற்கு அவ்வயதின் அண்மை ஒரு காரணமாகலாம். நம்மிடையே இளையோருக்கு எழுதுவோர் பெரும்பாலும் ஆசிரியர்கள். (நாமும் அவ்வினத்தினரே.) ஆசிரியர் கை பேனாவைப் பிடிக்கும்பொழுது, மற்றொரு கை அறியாமலே பிரம்பைத் தேடுகிறது. கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற நூல்களில் மர்மத்தையும் சாகசத்தையும் முன்னிறுத்தி இப்போதனைச் சுமையைக் குறைத்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் குகைக்குள் செல்லத் துணிந்த நம் இளையோர் நாவல், பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குள் செல்ல இன்னும் தயங்குகிறது. அங்கே ஓநாய் மனிதர் இல்லை. ஒரு மேசையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் மட்டுமே அமர்ந்திருக்கின்றனர்.

எழுத விழைவோர்க்கு நாம் சுட்ட விரும்புவது புகுமுக வகுப்பையே. பன்னிரண்டு வயதில் தன் தோட்டத்துப் பள்ளியில் முதல் மாணவியாகத் திகழ்ந்தவள், பதின்மூன்றில் ஒரு புதிய மொழியின் முன் மீண்டும் கடைசி இருக்கையில் அமர்கிறாள். அவளைப் போன்றே சீனப்பள்ளியிலிருந்து வந்த ஒருவனும் அவ்வகுப்பில் இருக்கிறான். இருவருக்கும் பொதுவான மொழி அந்த ஓராண்டில்தான் உருவாக வேண்டும்; அதுவரை அவர்கள் அரைகுறை மலாயில், கையசைவில், அழிப்பானைக் கடன் கேட்பதில் பழகுகின்றனர். லயத்தில் பிறந்த ஒருத்தி தன் முதல் கூட்டாளியைப் பெறும் அவ்வாண்டு, தமிழில் ஒரு முழு நாவலுக்குப் போதுமானது.