வால்வு தேய்க்கும் கை

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. அங்கே தேடிப் பொறுக்கிய உதிரி பாகங்களை வைத்துப் பழைய மஹிந்திரா ஜீப்பை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டுகிறவர்கள் செய்வதில் எனக்கு மிகவும் பிடித்தது வால்வு தேய்ப்பது. வால்வின் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்டை மெல்லிசாகத் தடவி, வால்வை என்ஜின் ஹெட்டில் அதன் இடத்தில் வைத்து, ரப்பர் கப் மாட்டிய மரக்குச்சியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே மத்தால் கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்டுவார்கள். முதலில் கரகரவென்று சத்தம். போகப் போக அது தணிந்து, கைக்கு வழவழப்பு தட்டும். அவசரம் ஆகாது. தூக்கி, துடைத்து, கொஞ்சம் திருப்பி வைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். விளிம்பைச் சுற்றி எங்கும் அறுபடாமல் ஒரு மங்கிய சாம்பல் வளையம் விழும்போது என்ன அழகு அது! பிறகு ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார்கள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்றால் வேலை சுத்தம்.