பிலீப்: பட்டமும் பதமும்

பழைய உணவகம் ஒன்றை மதிப்பிடும்போது அதன் தோற்றக் கதையைத் தனியாகவும் தட்டில் வருவதைத் தனியாகவும் எடை போடுவதே முறை. லாஸ் ஏஞ்சலிஸின் 'பிலீப் தி ஒரிஜினல்' இதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தீர்ப்பைத் தன் பெயர்ப் பலகையில் எழுதி மாட்டிக்கொண்ட கடை அது.

வழக்கு 'பிரெஞ்சு டிப்' சாண்ட்விச்சைப் பற்றியது. வாட்டிய இறைச்சியின் சாற்றில் தோய்த்த ரொட்டிக்குள் அதே இறைச்சியை வைத்துத் தருவதற்கு அந்தப் பெயர். பிரான்சிலிருந்து குடியேறிய பிலீப் மத்தியூ 1908இல் கடையைத் தொடங்கினார். 1918இல் ஒரு போலீஸ்காரருக்கு சாண்ட்விச் போடும்போது ரொட்டி தவறிச் சாற்றுத் தட்டில் விழுந்தது என்பது கடை சொல்லும் கதை. ரொட்டி காய்ந்துவிட்டதென்று தீயணைப்பு வீரர் ஒருவர் குறைபட்டதால் தோய்த்துக் கொடுத்தார் என்று இன்னொரு வடிவமும் உலவுகிறது. அதே ஊரில் அதே 1908இல் பிறந்த கோல்ஸ் கடைக்கும் ஒரு கதை உண்டு: ஈறு வலித்த வாடிக்கையாளருக்காக ரொட்டியை நனைத்தார்களாம். எல்லாம் பிற்காலத்தில் சொல்லப்பட்டவை. எதுவும் சான்றாகத் தேறாது. 'ஒரிஜினல்' என்ற பட்டம் நிறுவப்படாத உரிமைகோரல் என்றே குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதில் பிலீப்புக்குப் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. சாற்றில் ரொட்டியைத் தொட்டுத் தின்ன எந்தச் சமையலறைக்கும் ஆசான் தேவைப்பட்டதில்லை. அந்தத் தற்செயலை ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர் யார் என்பதுதான் விமர்சகனுக்கு உரிய கேள்வி. அங்கே பிலீப்பின் கை ஓங்கியிருக்கிறது.

கோல்ஸில் சாற்றைக் கிண்ணத்தில் தனியாக வைத்தார்கள். பிலீப்பில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் பெண்களே ரொட்டியின் வெட்டுமுகத்தைச் சாற்றில் தோய்த்து, இறைச்சியை அடுக்கி மூடித் தருகிறார்கள். சாம்பார் இட்லிக்கும், இட்லியோடு கிண்ணத்தில் வரும் சாம்பாருக்கும் உள்ள வேறுபாடு இது. முன்னதில் பதம் சமையல்காரரின் பொறுப்பு. பின்னதில் அவர் அதை நம் தலையில் கட்டிவிடுகிறார். ஒற்றைத் தோய்ப்பில் ரொட்டியின் உட்புறம் சாற்றில் ஊறியிருக்க, மேலோடு பல்லுக்குச் சற்றே எதிர்ப்புக் காட்டும். இந்த இரட்டைத் தன்மைதான் அதன் சாதனை. 'வெட்' என்று கேட்டால் முழுவதும் நனைந்து வரும். அமைப்பு குலைந்து, கையில் கூழாகிவிடும். வாடிக்கையாளர் விருப்பம் என்ற பெயரில் கடை தன் முறைக்கே செய்துகொள்ளும் துரோகம் அது.

இறைச்சியிலும் தரம் சீராக இல்லை. புகழ்பெற்ற மாட்டிறைச்சி மிருதுவானது, ஆனால் சுவையில் மங்கல். மூக்கில் ஏறும் அந்த வீட்டு மஸ்டர்ட் இல்லாவிட்டால் அது தனித்து நிற்காது. துணைக்கறி முதன்மைக்கறியைத் தாங்கிப் பிடிப்பதைக் குறை என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டிறைச்சி வேறு கதை: அதன் கொழுப்பும் வாடையும் சாற்றோடு போட்டியிட்டு வெல்கின்றன.

வரலாற்றுத் தொடர்ச்சி என்ற அளவுகோலுக்கு வருவோம். மத்தியூ 1927இல் கடையை மார்ட்டின் சகோதரர்களுக்கு விற்றார். அலிசோ தெருவில் இருந்த கடை, நெடுஞ்சாலை போட இடம் தேவைப்பட்டதால், 1951இல் யூனியன் ஸ்டேஷனுக்கு அருகே அலமீடா தெருவுக்கு இடம்பெயர்ந்தது. நிறுவியவரும் போய், நிறுவிய இடமும் போன பிறகு எஞ்சியது செய்முறை மட்டுமே. அது எஞ்சியது என்பதே பிலீப்பின் வலுவான வாதம், பெயர்ப் பலகை சொல்வதைவிட.

தரையில் தூவிய மரத்தூளை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒரு காலத்தில் சிந்தியதை உறிஞ்ச உதவியது, இப்போது பெரும்பாலும் காட்சிப்பொருள். பத்து சென்ட் காப்பியைப் பற்றிய உருக்கமும் அளவு மீறியது. 2012இல் அது 45 சென்ட் ஆனபோது ஊரே துக்கம் விசாரித்தது. அந்தக் காப்பி நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் எழவில்லை. நீளப் பொது மேசைகள் அப்படியல்ல. அறிமுகமில்லாதவரோடு தோள் உரசி உட்கார வைக்கும் அந்த ஏற்பாடு இன்னமும் தன் வேலையைச் செய்கிறது.

தோற்ற உரிமை நிரூபணமாகவில்லை. செய்முறை, இந்த வகையில் இதுவரை மிஞ்சப்படவில்லை. புதிதாகப் போகிறவர் ஆட்டிறைச்சி, ஒற்றைத் தோய்ப்பு, மேலே ப்ளூ சீஸ் என்று கேட்கலாம். மஸ்டர்டை முதல் இரண்டு வாய்க்குப் பிறகு தொடுங்கள்.