எப்போது முடியும் என்று தெரியாத இசை

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் நாடுகளின் அணிகள் நடந்து வந்தபோது ஒலித்தவை வீடியோ கேம் மெட்டுகள். கோயிச்சி சுகியாமா 'டிராகன் குவெஸ்ட்'டுக்கு எழுதிய இசைதான் அணிவகுப்பைத் தொடங்கி வைத்தது. 2023-இல் கோஜி கோண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இசையை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. கிராமியில் கேம் இசைக்கெனத் தனி விருது முதன்முதலில் தரப்பட்டதும் அதே ஆண்டுதான். எல்லாம் தகுதியான மரியாதைகளே. ஆனால் அரங்குக்கு வந்து சேர்ந்தது மெட்டு மட்டும். அந்தக் கலையின் உயிர் ஆடுபவரின் விரலோடு ஒட்டியிருக்கிறது என்பது என் கட்சி.

கதாநாயகன் எந்த நொடியில் திரும்பிப் பார்ப்பான் என்று சினிமா இசையமைப்பாளருக்குத் தெரியும். கேமுக்கு எழுதுபவருக்கு அது தெரியாது. ஒருவர் கதவைத் திறந்து உடனே உள்ளே போவார், இன்னொருவர் வாசலிலேயே நிற்பார். 1978-இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதை நான்கே சுரங்களில் சமாளித்தது. எதிரிகள் குறையக் குறைய அந்தச் சுரங்கள் வேகமெடுக்கும். நன்றாக ஆடுபவர் தன் பதற்றத்துக்குத் தானே தாளம் கூட்டிக்கொள்கிறார். 1985-இல் வந்த மாரியோவில் நேரம் நூறுக்குக் கீழே இறங்கியதும் அதே மெட்டு துரித காலத்தில் பாயும். 'மங்கி ஐலண்ட் 2'-க்காக (1991) மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய முறை இன்னும் நுட்பமானது. அதில் வுட்டிக் என்ற ஊரின் ஒவ்வொரு இடத்துக்குள் நுழையும்போதும் ஊரின் மெட்டு அறுபடாமல் வேறு வாத்தியத்துக்கு, வேறு சாயலுக்கு மாறும். வெளியே வந்தால் ஒரு சிறு இணைப்புச் சங்கதி பழைய இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். ஒட்டுப்போட்ட தடம் காதுக்குத் தெரியாது.

கேட்டதையே கேட்கவைக்கும் இசைதானே என்பார்கள். பல கேம்களில் அது உண்மைதான். ஆனால் நூறு முறை தோற்று நூறு முறை தொடங்குபவருக்கும் சலிக்காத மெட்டு அமைப்பது எளிய காரியம் அல்ல. ஆட்டம் இல்லாவிட்டால் இந்த இசை அரைகுறை என்ற வாதமும் உண்டு. ஆடுபவரின் பாதத்தைப் பிரிந்தால் நட்டுவாங்கமும் அரைகுறைதான். அதனால் அதை யாரும் தாழ்த்துவதில்லை. இந்த இசையை முழுதாக மேடையேற்றவும் முடியும். ஒரு கேமின் முழு இசைத்தொகுப்பாகக் கிராமிப் பரிந்துரை பெற்ற முதல் படைப்பு ஆஸ்டின் வின்டரியின் 'ஜர்னி' (2012). அதை சிகாகோவின் ஃபிஃப்த் ஹவுஸ் குழு வாசித்தபோது, ஒருவர் மேடையிலேயே அந்த கேமை ஆட, வாத்தியக்காரர்கள் அவர் போகும் போக்குக்கு ஏற்ப வாசித்தார்கள். ஒலிம்பிக் அரங்கைவிட அந்த மேடைதான் இந்தக் கலைக்குப் பொருத்தமான இடம்.